புதிய லேப்டாப், கூடவே கூடுதல் பேட்டரி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு லேப்டாப் வாங்கினேன். பில் போடும் நேரத்தில் விற்பனையாளர், "இந்த மாடலுக்கு பேட்டரி பின்னால கிடைக்காது சார், இப்பவே எக்ஸ்ட்ரா ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். இரண்டரை வருடம் கழித்துப் பழைய பேட்டரி தளர்ந்தபோது, சேமித்து வைத்ததை எடுத்து மாட்டினால் சார்ஜ் விளக்கே எரியவில்லை. வாரண்டியும் எப்போதோ முடிந்திருந்தது.

விற்பனையாளர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை. லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும். பெட்டிக்குள் இருக்கும்போதே சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு அலகான செல்லின் வோல்டேஜ் ஒரு எல்லைக்குக் கீழே போய்விட்டால், இனி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்று உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கதவைச் சாத்திவிடும். என் பேட்டரிக்கும் அதுதான் ஆனது.

அதிலிருந்து லேப்டாப்பையும் கூடுதல் பேட்டரியையும் இரண்டு தனி விஷயங்களாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பிளக் இல்லாமல் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பதை முதலில் கணக்குப் போட்டுவிட்டால், எந்த லேப்டாப், எக்ஸ்ட்ரா பேட்டரி வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை என்று மற்றவை அந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடும்.

படி 1: வாட் ஹவர் கணக்கு

கடைக்குப் போகும் முன், இணையத்தில் விலை தேடும் முன், உங்கள் சாதாரண நாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். லேப்டாப் எப்போதும் மேசையில் பிளக்கோடு இருக்குமா? வகுப்பு, மீட்டிங் என்று மூன்று நான்கு மணி நேரம் வெளியே போகுமா? அல்லது முழு நாளும் பிளக்கைப் பார்க்காத வேலையா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி பேருக்கு எக்ஸ்ட்ரா பேட்டரி தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

தேவைப்படுபவர்கள் ஒரே ஒரு அளவைப் புரிந்துகொண்டால் போதும். அது வாட் ஹவர். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வாட் ஹவர். குழாயில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது வாட். 50 வாட் ஹவர் பேட்டரியிலிருந்து லேப்டாப் 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதே லேப்டாப் 16 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம்தான்.

மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது எம்ஏஹெச், என்ற அளவை வைத்து லேப்டாப் பேட்டரிகளை ஒப்பிடாதீர்கள். 5,000 எம்ஏஹெச் ஃபோன் பேட்டரியைவிட 4,400 எம்ஏஹெச் லேப்டாப் பேட்டரி சிறியது என்று தோன்றும். ஆனால் ஃபோன் பேட்டரியின் வோல்டேஜ் சுமார் 3.85, பெருக்கினால் 19 வாட் ஹவர். லேப்டாப் பேட்டரியில் மூன்று செல்கள் தொடராக இருப்பதால் 11.4 வோல்ட், பெருக்கினால் 50 வாட் ஹவர். எண் சிறியது, சரக்கு இரண்டரை மடங்கு. எம்ஏஹெச்சை 1,000ஆல் வகுத்தால் ஆம்பியர் ஹவர், வோல்டேஜை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர், அவ்வளவுதான் சூத்திரம். பேட்டரியின் லேபிளிலும் அது அச்சிட்டிருக்கும்.

சரி, லேப்டாப் எவ்வளவு இழுக்கும்? மெல்லிய வகை லேப்டாப்பில் எழுதுவது, மெயில், இணையம் பார்ப்பது எல்லாம் தோராயமாக 5 முதல் 10 வாட். வீடியோ கால் என்றால் 12 முதல் 20 வரை போகும். கேமரா, மைக், நெட், ப்ராசஸர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன அல்லவா. வீடியோ எடிட்டிங், பெரிய ப்ரோக்ராம் கம்பைல் செய்வது போன்றவை 30 வாட்டைத் தாண்டும். கேமிங் லேப்டாப்பில் கேம் ஓடினால் 100 வாட்டுக்கு மேல் கேட்கும். அதை பேட்டரியில் விளையாடலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதில் 50 வாட் ஹவராக இருப்பது இரண்டு மூன்று வருடத்தில் 40 ஆக இறங்கும். எனவே தேவையான மணி நேரத்தை வாட்டால் பெருக்கி, வருவதை 0.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம், சராசரி 9 வாட் என்றால் 54, வகுத்தால் 67.5 வாட் ஹவர். லேப்டாப் பேட்டரி 70ஐ ஒட்டி இருந்தால் எக்ஸ்ட்ரா எதுவும் வேண்டாம். 50தான் என்றால், குறைகிற 20 வாட் ஹவருக்கு மட்டும் வழி தேடினால் போதும்.

விளம்பரத்தில் வரும் "18 மணி நேரம்", "22 மணி நேரம்" எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஏற்கெனவே டவுன்லோடு செய்த வீடியோ ஒன்றை ஓட விட்டு எடுக்கும் கணக்கு அது. வீடியோ ஓட்டுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும். பத்து டேப் திறந்து வைத்து, நடுவில் கால் பேசி, வெளிச்சத்தைக் கூட்டி வேலை செய்பவருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம்.

படி 2: லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பது

இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். "யூ" அல்லது "வி" என்று முடிந்தால் மின்சாரச் சிக்கனம். "ஹெச்" என்றால் வேகம், அதற்கேற்ற சூடு. "ஹெச்எக்ஸ்" என்றால் மேசையிலேயே இருக்கப் போகும் கனமான லேப்டாப். ஏஎம்டியில் இந்த எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. "ஹெச்எக்ஸ்" என்று தொடங்கும் எண் கொண்ட ரைசன் ஏஐ சிப்கள் மெல்லிய லேப்டாப்களிலும் வருகின்றன. ஆப்பிளின் எம் வரிசையும் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசையும் பேட்டரி விஷயத்தில் நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் ஸ்னாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப் வாங்குவதற்கு முன், உங்கள் பழைய பிரிண்டர், அலுவலக விபிஎன், ஏதாவது சிறப்பு சாஃப்ட்வேர் இவையெல்லாம் அதில் ஓடுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலானவை ஓடும். ஓடாத ஒன்று உங்களுக்கு அன்றாடம் வேண்டியதாக இருந்துவிட்டால்தான் வம்பு.

பேட்டரியை ப்ராசஸருக்கு அடுத்தபடியாகத் தின்பது திரை. சாதாரண வேலையில் பல சமயம் ப்ராசஸரைவிடவும் அதிகம். 14 அங்குலத் திரைக்கு 1920 க்கு 1200 தாராளம். 4கே திரை அழகுதான், ஆனால் பிளக் இல்லாத நேரத்தை வெட்டும். ஓஎல்இடி திரையில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கருப்புப் புள்ளிகள் மின்சாரமே எடுக்காது, வெள்ளைப் புள்ளிகள் நிறைய எடுக்கும். நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தில் டாக்குமெண்ட் எழுதுபவர் சாதாரண ஐபிஎஸ் திரையை எடுப்பது நல்லது. டார்க் மோடிலேயே வாழ்பவருக்கு ஓஎல்இடி சரி. வெளிச்சம் குறைந்தது 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு), ஜன்னலோரம் உட்காருபவர் என்றால் 400. திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது என்றால், பேட்டரியில் இருக்கும்போது 60க்கு இறக்கும் வசதி செட்டிங்கில் இருக்கிறதா பாருங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு, கேம் ஆடவும் வீடியோ எடிட் செய்யவும் 3டி வேலைக்கும்தான். அந்த வேலைகள் இல்லாதவர் "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று வாங்கினால் எடை, சூடு, பெரிய சார்ஜர் மூன்றையும் சேர்த்துச் சுமப்பார்.

ரேம் 16 ஜிபி. இதில் விவாதம் வேண்டாம். பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி. அதைப் பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஆப்பிள் விதிவிலக்கு. கீபோர்டைத் தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள், 1.3 கிலோ லேப்டாப்புக்கு அரைக் கிலோ செங்கல் ஒன்று கூடவே வந்தால் மெல்லிய லேப்டாப் வாங்கி என்ன பயன்?

படி 3: பேட்டரியைப் பற்றிக் கேட்க வேண்டியவை

ஒரே மாடல், ஒரே பெயர், ஒரே நிறம், ஆனால் இரண்டு பேட்டரி அளவில் விற்பது சகஜம். ஒன்றில் 42 வாட் ஹவர், இன்னொன்றில் 60. விலை குறைந்த பதிப்பில் சிறியது இருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உங்கள் கைக்கு வரும் குறிப்பிட்ட மாடல் எண்ணுக்கான வாட் ஹவரை எழுத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அடுத்த கேள்வி, பேட்டரியைக் கழற்ற முடியுமா? ஒரு காலத்தில் கேட்கவே வேண்டாத கேள்வி. அடியில் இரண்டு கொக்கிகளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். 2009 ஜனவரியில் ஆப்பிள் தன் 17 அங்குல மேக்புக் ப்ரோவில் பேட்டரியை உள்ளே வைத்து மூடியது. பிறகு மெல்லிய லேப்டாப் மோகத்தில் மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். லெனோவோ திங்க்பேட் டி வரிசை மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது: உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் இன்னொன்று. லேப்டாப்பை அணைக்காமலே வெளி பேட்டரியை மாற்றலாம். 2018இல் வந்த டி480 அந்த வரிசையில் கடைசி. அதில் உள்ளே 24, வெளியே 72 வாட் ஹவர் வரை போடலாம். இன்றும் அதைத் தேடி வாங்குபவர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அணைக்காமல் மாற்றும் பேட்டரி வேண்டுமென்றால் கரடுமுரடான வேலைக்கென்று செய்யப்படும் பானசோனிக் டஃப்புக், கெட்டாக், டெல் லேட்டிட்யூட் ரக்கட் போன்ற வரிசைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கனமானவை, விலையும் அதிகம். சர்வே, மின்கோபுரம், ஆய்வுக் கப்பல் என்று அலைபவருக்குத் தகும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது வேறு: அன்றாடம் கழற்ற முடியாவிட்டாலும், பேட்டரி செத்த பிறகு நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். டெல், ஹெச்பி, லெனோவோ ஆகியவை பல மாடல்களுக்குச் சர்வீஸ் மேனுவலைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அதில் பேட்டரி மாற்றும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்க்ரூவும் ஒரு கனெக்டரும் மட்டும் என்றால் நல்ல லேப்டாப். கீபோர்டையும் போர்டையும் கழற்றிய பிறகுதான் பேட்டரி வரும் என்றால், அல்லது பசை போட்டு ஒட்டியிருந்தால், மாற்றும் கூலியையும் இப்போதே விலையோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனத்தின் லேப்டாப்பில் இது பயனர் தானே செய்யும் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டம், சாதனங்களில் உள்ள சிறு பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கேட்கிறது. உற்பத்தியாளர்கள் அதற்கேற்ப மாறினால் எல்லோருக்கும் லாபம்.

மூன்றாவது, டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா? டைப்-சி துளை இருந்தாலே ஏறும் என்று நினைக்காதீர்கள். சில மலிவு மாடல்களில் அந்தத் துளை டேட்டாவுக்கு மட்டும். பவர் டெலிவரி (டைப்-சி வழியாக அதிக மின்சாரம் அனுப்பும் தரம்) ஆதரவு உண்டு என்று விவரப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத லேப்டாப்புக்கு எக்ஸ்ட்ரா பேட்டரி தேடுவதே தலைவலி, அதனால் நான் வாங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்களுக்கு டைப்-சி சார்ஜிங் கட்டாயம்.

படி 4: எக்ஸ்ட்ரா பேட்டரி

கழற்றி மாற்றும் வகை லேப்டாப் வைத்திருப்பவருக்கு வழி நேரானது. அதே நிறுவனத்தின் இரண்டாவது பேட்டரியை வாங்கி, இரண்டையும் வாரம் மாற்றி வாரம் பயன்படுத்த வேண்டும். என்னைப் போல இழுப்பறையில் போட்டு வைப்பது தவறு. இரண்டும் சேர்ந்து தேயட்டும், பரவாயில்லை. உபயோகிக்காத நாட்களில் சார்ஜ் பாதியளவில் இருக்கட்டும். முழுதாக நிரப்பியும் வைக்க வேண்டாம், காலியாகவும் வைக்க வேண்டாம்.

உள்ளே மூடிய பேட்டரி என்றால், எக்ஸ்ட்ரா பேட்டரி என்பது நடைமுறையில் ஒரு பவர் பேங்க்தான். அதிலும் எல்லா பவர் பேங்க்கும் லேப்டாப்பை அசைக்காது. ஃபோனுக்காக வாங்கிய ஒன்றை ஒருமுறை ரயிலில் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். சார்ஜ் ஏறுவது போல் ஐகான் வந்து வந்து மறைந்தது. முக்கால் மணி நேரத்தில் பேட்டரி சதவீதம் குறைந்துதான் இருந்தது. காரணம் லேபிளிலேயே இருந்தது. அதன் உச்ச சக்தி 18 வாட், உச்ச வோல்டேஜ் 12. லேப்டாப் கேட்டது 20 வோல்ட்.

உங்கள் லேப்டாப் சார்ஜரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, அந்தச் சாம்பல் நிறப் பொடி எழுத்தைப் படியுங்கள். அவுட்புட் என்ற வரியில் 5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட் என்று வரிசையாக வந்து கடைசியில் "20 வோல்ட், 3.25 ஆம்பியர்" என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். பவர் பேங்க்கின் டைப்-சி துளையும் 20 வோல்ட்டில் 65 வாட் தர வேண்டும். 45 வாட் தந்தாலும் சாதாரண வேலைக்கு ஓடும், மெதுவாக ஏறும். 30 என்றால் சில லேப்டாப் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றும், சில மறுத்துவிடும்.

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாமல் துளை வாரியாகப் பாருங்கள். "100 வாட்" என்பது எல்லாத் துளைகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம். ஒற்றைத் துளையில் 65 தருவது, பக்கத்தில் ஃபோனையும் செருகியவுடன் 45 ஆக இறங்குவதும் வழக்கம்.

அடுத்து அளவு. 20,000 எம்ஏஹெச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில். பெருக்கினால் 74 வாட் ஹவர். அதை 20 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாக வீணாகும், லேப்டாப் வாங்கித் தன் பேட்டரிக்குள் போடும்போது இன்னும் கொஞ்சம். கையில் நிற்பது 55 முதல் 60. அதாவது 50 வாட் ஹவர் லேப்டாப்பை ஒரு தடவை நிரப்பும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். "20,000 இருக்கிறதே, நாலு தடவை ஏறுமே" என்று எம்ஏஹெச்சை எம்ஏஹெச்சால் வகுத்து ஏமாந்தவர்கள் நிறைய. இதில் சின்ன தந்திரம் ஒன்று: லேப்டாப் பேட்டரி காலியான பிறகு பவர் பேங்க்கைச் செருகுவதைவிட, பேட்டரி நிறைந்திருக்கும்போதே செருகி வேலை செய்தால் மின்சாரம் நேராக வேலைக்குப் போகும், பேட்டரிக்குள் போய்த் திரும்பி வரும் நஷ்டம் மிச்சம்.

எவ்வளவு பெரிது வாங்கலாம்? விமானத்தில் போகிறவர்களுக்கு 100 வாட் ஹவர் என்ற எல்லைக்கோடு உண்டு. அதற்குள் என்றால் விமான நிறுவனத்திடம் கேட்காமலே கைப்பையில் கொண்டு போகலாம். 100க்கு மேல் 160 வரை அனுமதி வாங்க வேண்டும், அதிலும் இரண்டுக்கு மேல் கூடாது. 160க்கு மேல் என்றால் பயணியோடு ஏறவே முடியாது. பெரிய லேப்டாப்களில் பேட்டரி 99 சொச்சம் வாட் ஹவரில் நிற்பதும், பவர் பேங்க்குகள் 26,800, 27,000 எம்ஏஹெச் என்று விநோதமான எண்ணில் வருவதும் இந்தக் கோட்டுக்குள் அடங்கத்தான், 27,000ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், 99.9 வரும். பவர் பேங்க்கும் தனி பேட்டரியும் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது. வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே வைக்கச் சொன்னால் முதலில் இவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே விடாத விமான நிறுவனங்களும் உண்டு. வாட் ஹவர் எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரலாம்.

அப்புறம் கேபிள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது இங்கேதான் நடக்கும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனைக்குள் தன் தகுதியைச் சொல்லும் சிறு சிப் இருக்கும். சிப் இல்லாவிட்டால் 100 வாட் பவர் பேங்க்கும் 60 வாட்டோடு நின்றுவிடும். கேபிளில் 100 வாட் அல்லது 240 வாட் என்று அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 240 என்பது 2021இல் வந்த புதிய பவர் டெலிவரி தரத்தின் உச்சம், 48 வோல்ட்டில் 5 ஆம்பியர்.

வீட்டு பிளக் போலத் துளை வைத்த பெரிய பவர் பேங்க்குகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பேட்டரியின் மின்சாரத்தை ஏசி ஆக்கி, அதை உங்கள் சார்ஜர் மறுபடியும் டிசி ஆக்குவதற்குள் இரண்டு இடத்தில் கசிவு. டைப்-சி ஏற்காத பழைய லேப்டாப்புக்கு மட்டும் அது வழி.

இதெல்லாம் போக, மிக மலிவான எக்ஸ்ட்ரா பேட்டரி ஒன்று உண்டு: இரண்டாவது சார்ஜர். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒன்று நிரந்தரமாக இருந்தால், பவர் பேங்க்கின் அரைக் கிலோவை முதுகில் சுமக்க வேண்டாம். என்னிடம் யோசனை கேட்ட பலருக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

படி 5: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்

பெட்டியைப் பிரித்த அன்றே ஒரு சோதனை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையை பேட்டரிரிப்போர்ட் என்ற ஆப்ஷனோடு (powercfg /batteryreport) ஓட்டினால் ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது உண்மையில் கொள்ளும் அளவு) என்று இரண்டு எண்கள். புதிய லேப்டாப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எத்தனை முழு சார்ஜ் அளவு இதுவரை செலவாகியிருக்கிறது என்று சொல்லும் சைக்கிள் கவுண்ட் என்ற வரியும் இருந்தால், அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். "புத்தம் புது" லேப்டாப்பில் 40 சைக்கிள் என்று காட்டினால் அது காட்சிக்கு வைத்திருந்ததோ யாரோ திருப்பிக் கொடுத்ததோ, உடனே கேளுங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியில் இதே விவரம் இருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் அப்டேட்டுகள் பின்னணியில் ஓடும். அப்போது பேட்டரி வேகமாக இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்காவது நாள் சோதியுங்கள். முழு சார்ஜில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் உங்கள் வழக்கமான வேலை. 52 வாட் ஹவர் பேட்டரி 100இலிருந்து 70க்கு வந்தால், 15.6 வாட் ஹவர் செலவு, சராசரி 7.8 வாட். படி 1இல் நீங்கள் ஊகித்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. பவர் பேங்க்கை இந்தச் சோதனைக்குப் பிறகு வாங்குவதே நல்லது. ஊகத்தில் வாங்க வேண்டியதில்லை.

முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துச் சடங்கு. லித்தியத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப் என்றால் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை, லேப்டாப்போடு வரும் அந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேரிலோ பயாஸிலோ (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங் பக்கம்) போட்டுவிடுங்கள். பேட்டரிக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்கள் முழு சார்ஜும் சூடும். இரண்டும் சேர்ந்தால் ஆயுள் வேகமாகக் கரையும். மெத்தை மேல் வைத்து வேலை செய்வது, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவது, இரண்டையும் தவிருங்கள்.

படி 6: பேட்டரி தளர்ந்த பிறகு

புது பேட்டரி வாங்கும் நேரம் இதுதான், முன்கூட்டி இல்லை. அறிக்கையில் ஃபுல் சார்ஜ் அளவு டிசைன் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போய், அது உங்கள் வேலையையும் தொந்தரவு செய்தால் மாற்றுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது சதவீதம் பார்க்க வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, சர்வீஸுக்குக் கொடுங்கள். குத்துவதோ அழுத்துவதோ கூடவே கூடாது.

பேட்டரி வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை வைத்துத் தேடாமல், பழைய பேட்டரியின் மேல் இருக்கும் பார்ட் நம்பரை வைத்துத் தேடுங்கள். வோல்டேஜ் பொருந்த வேண்டும். 10.8, 11.1 என்று இரண்டு விதமாக எழுதியிருந்தால் கவலை வேண்டாம், இரண்டும் மூன்று செல் தொடர்தான். 11.1க்குப் பதில் 14.8 என்றால் அது நான்கு செல், வேறு பேட்டரி.

போலிகளைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. கழற்றி மாட்டும் பழைய வகை பேட்டரிகளுக்குள் இருப்பவை 18650 என்ற உருளை செல்கள்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல நிறுவனத்தின் செல் ஒன்று சுமார் 3,500 எம்ஏஹெச் தரும், அதற்கு மேல் பெரிதாகப் போகாது. ஆறு செல் பேட்டரியில் இரண்டு இரண்டாகச் சேர்த்து மூன்று தொடர். ஆக உச்சம் 7,000 எம்ஏஹெச், சுமார் 75 வாட் ஹவர். அதே அளவுள்ள உறையில் "10,000" என்று எழுதியிருந்தால் பொய். எடையும் காட்டிக்கொடுக்கும். செல் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. ஆறுக்கு 270, உறை தனி. தராசில் 200 கிராம் காட்டினால் உள்ளே ஆறு இல்லை.

பெயர் பெற்ற நிறுவனங்களுக்கே பேட்டரியில் சறுக்கல் வந்ததுண்டு. 2006 ஆகஸ்டில் சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது, தீப்பிடிக்கும் அபாயம் என்று. பெரிய நிறுவனமாக இருந்ததால் திரும்பப் பெற ஆள் இருந்தது. பெயரே இல்லாத பேட்டரிக்கு யாரைப் போய்க் கேட்பது?

உற்பத்தித் தேதியும் முக்கியம். பார்சல் வந்ததும் லேபிளில் தேடுங்கள்; இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் திருப்பி அனுப்புங்கள், அது யாரோ ஒரு கடையின் இழுப்பறையில் இருந்தது. மாட்டியதும் அதே அறிக்கையை மறுபடி எடுத்து, ஃபுல் சார்ஜ் எண்ணைப் பெட்டியில் எழுதியிருந்ததோடு ஒப்பிடுங்கள். பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

என் பவர் பேங்க்கின் முதுகில் ஒரு சின்ன பேப்பர் டேப் ஒட்டி, வாங்கிய மாதத்தையும், கடைசியாக நிரப்பிய தேதியையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழித்து எழுதுவேன்.